துடக்குக் கழிவுக்கு முன்னம் கண் பார்க்க வேண்டும்: குறைமாதப் பிள்ளைகளில் ஆர்.ஓ.பி. ஆபத்தைக் கணிக்கும் முறை

குறைமாதப் பிள்ளையின் கண்ணை வெளியே நின்று பார்த்து எதுவும் சொல்ல முடியாது. கருமணி கறுப்பாகவே இருக்கும், ரோச் அடித்தால் கண்ணைச் சுருக்கும், தாயின் முகத்தைப் பார்ப்பது போலவும் இருக்கும். அதே நேரத்தில் உள்ளே, ஆர்.ஓ.பி. என்ற குறைமாதப் பிள்ளைகளின் விழித்திரை நோயால், விழித்திரை கழன்றுகொண்டிருக்கலாம். கருமணி வெள்ளையாகத் தெரிகிற நாளில் வைத்தியருக்குச் செய்ய அநேகமாக ஒன்றும் மிச்சமிராது. அதனால்தான் எந்தப் பிள்ளைக்கு இந்த நோய் வரக்கூடும், எந்த நாளில் பார்க்க வேண்டும் என்பதை முன்னரே கணக்குப் போட்டு வைக்க வேண்டியிருக்கிறது. இது குறைமாதப் பிள்ளைகள் விடுதியில் வேலை செய்யும் தாதியர், இளம் வைத்தியர்கள், வீடுகளுக்குப் போகும் குடும்பநல உத்தியோகத்தர்கள் ஆகியோருக்காக எழுதியது. பெற்றோரும் வாசிக்கலாம்.

நோய் எப்படி வருகிறது என்பது விளங்கினால் கணக்கு தானாக விளங்கும். விழித்திரையின் குருதிக்குழாய்கள் கருவின் 16ஆம் கிழமையளவில் பார்வை நரம்பின் தலைப்பிலிருந்து புறப்பட்டு, மூக்குப் பக்க விளிம்பை 36ஆம் கிழமையளவிலும் காதுப் பக்க விளிம்பை 40ஆம் கிழமையளவிலும் போய்ச் சேரும். 28 கிழமையில் பிறந்த பிள்ளைக்கு வேலை பாதியில் நிற்கிறது. வயிற்றுக்குள் கிடைத்ததைவிடக் கூடிய ஒட்சிசன் வெளியே கிடைப்பதால் குழாய்கள் வளர்வதை நிறுத்திவிடும். இது முதற்கட்டம். பிறகு விழித்திரை வளர்ந்து அதன் தேவை கூடும்போது, குழாய் போய்ச் சேராத பகுதி ஒட்சிசனுக்குத் தவித்து 'வீஜிஎஃப்' என்ற வளர்ச்சிக் காரணியை அள்ளி வீசும். பிறந்த பின்னும் தொடர்ந்து எண்ணும் கருவயது 32, 34 கிழமையளவில் இது தொடங்கும். அந்தத் தூண்டலில் கண்டபடி முளைக்கும் புதுக்குழாய்கள்தான் விழித்திரையை இழுத்துக் கழற்றுகின்றன. பிறந்த அடுத்த நாள் கண்ணைப் பார்த்துப் பயனில்லாததும், இரண்டு மாதம் கழித்துப் பார்த்துப் பயனில்லாததும் இதனால்தான். இடையில் ஒரு சிறிய சன்னல் இருக்கிறது. சிகிச்சை தேவைப்படும் நிலை பெரும்பாலும் கருவயது 36, 37 கிழமையளவில் வரும். 31 கிழமைக்கு முன் வருவது மிக அரிது.

கருவயதைச் சரியாக எழுதுதல்

எல்லாக் கணக்குக்கும் அடி இது. இங்கே விடும் பிழை கடைசிவரை கூடவே வரும். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கான் இருந்தால் அதன் திகதியை எடுங்கள். இல்லையென்றால் கடைசி மாதவிடாய்த் திகதி. இரண்டும் இல்லாமல், பிள்ளையின் தோலையும் காது மடலையும் பார்த்துக் கணித்த வயது மட்டும் இருந்தால், அதில் இரண்டு கிழமை பிசகு இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு குறைந்த பக்கமே எழுதுங்கள். நாட்களை விழுங்கக் கூடாது. 29 கிழமை 6 நாளை ஒருவர் 29 என்றும் இன்னொருவர் 30 என்றும் எழுதினால், விடுதி மாறும்போது ஒரு கிழமை காணாமல் போய்விடும்.

பிறந்தபோது இருந்த கருவயதோடு பிறந்த பின் கழிந்த நாட்களைக் கூட்டினால் இன்றைய கருவயது வரும். கட்டில் தலைப்பு அட்டையில் இரண்டையும் எழுதிவையுங்கள். 'ஆறு கிழமைப் பிள்ளை' என்று மட்டும் கேட்டால் கண் வைத்தியருக்கு ஒன்றும் விளங்காது.

யாரைப் பட்டியலில் சேர்ப்பது

அமெரிக்க வழிகாட்டல் 30 கிழமை அல்லது அதற்குக் குறைவு, அல்லது 1500 கிராம் அல்லது அதற்குக் குறைவு என்கிறது. பிரித்தானியாவில் 31 கிழமைக்குக் குறைவு அல்லது 1501 கிராமுக்குக் குறைவு. இந்தியாவில் 34 கிழமைக்குக் குறைவு அல்லது 2000 கிராமுக்குக் குறைவு. அதோடு 34 முதல் 36 கிழமைவரை பிறந்து, கடுமையான சுகவீனத்தைக் கடந்த பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள். இந்த வித்தியாசத்துக்கு இனமோ மரபோ காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒட்சிசனை அளந்து கலந்து கொடுக்கும் வசதியும், தாதியர் எண்ணிக்கையும், தொற்றுக் கட்டுப்பாடும் குறைவான இடங்களில் பெரிய பிள்ளைகளுக்கும் இந்த நோய் வருகிறது. 1800 கிராம் பிள்ளைக்குக் கண் போகாது என்பது பொஸ்ரனில் உண்மையாக இருக்கலாம். சிலிண்டரில் இருந்து நேரடியாக நூறு சதவீத ஒட்சிசன் வாங்கிய பிள்ளைக்கு அது பொருந்தாது.

உங்கள் விடுதியின் எழுத்துமூல எல்லை எதுவோ, அதைக் குறைந்தபட்சமாக எடுங்கள். அந்த எல்லைக்கு மேலே நிற்கிற பிள்ளைக்கு வென்ரிலேற்றர், நாட்கணக்கில் ஒட்சிசன், குருதித் தொற்று, குருதி ஏற்றல், மூளைக்குள் குருதிக்கசிவு, அடிக்கடி மூச்சு நின்றது, குருதியில் சீனி கூடியது, நிறை ஏறாதது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் பெயரை எழுதிவிடுங்கள். இரட்டையரில் ஒன்று பட்டியலுக்குள் வந்தால் மற்றதையும் சேர்ப்பது நல்லது. எப்படியும் தாய் இரண்டையும் தூக்கிக்கொண்டுதான் வருவார்.

வேறு ஆதார வைத்தியசாலையில் பிறந்து மாற்றப்பட்டு வந்த பிள்ளையின் ஒட்சிசன் வரலாறு அநேகமாக ஒரு வரியில் இருக்கும். பருத்தித்துறையிலிருந்தோ கிளிநொச்சியிலிருந்தோ வந்த அம்புலன்சில் என்ன கொடுக்கப்பட்டது, காற்றோடு கலந்தா கலக்காமலா, எத்தனை மணித்தியாலம் என்று தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் 'கலக்காத ஒட்சிசன்' என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

தராசு சொல்லும் சேதி

இந்தத் துறையில் கடந்த இருபது ஆண்டுகளில் கிடைத்த பெரிய அறிவு, பிள்ளையின் நிறை ஏறும் வேகத்தில் கண்ணின் ஆபத்து தெரிகிறது என்பது. ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணி குறைவாக இருந்தால் விழித்திரைக் குழாயும் வளராது, பிள்ளையும் வளராது. குருதிப் பரிசோதனை செய்யாமலே தராசு அந்தக் குறைவைக் காட்டிவிடும். சுவீடனில் உருவான 'வின்ரோப்' கணிப்பு இதில்தான் நிற்கிறது: கிழமைக்கு ஒரு நிறை. பிறகு அதே நாட்டில் வந்த 'டிஜிரோப்' கருவயது, பிறப்பு நிறை, ஆணா பெண்ணா என்பவற்றைக் கொண்டே பிறந்த அன்றைக்கு ஓர் ஆபத்து வீதம் தருகிறது. அது 24 முதல் 30 கிழமைக்குள் பிறந்தவர்களுக்கு மட்டும்.

கணினி இல்லாமல் தாளிலேயே பார்க்கக்கூடியது 'ஜீ-ரோப்'. அமெரிக்காவிலும் கனடாவிலும் 29 வைத்தியசாலைகளில் 7483 பிள்ளைகளின் பதிவுகளில் இருந்து 2018இல் வெளியானது. ஆறு கேள்விகள். பிறந்தபோது கருவயது 28 கிழமைக்குக் குறைவா? பிறப்பு நிறை 1051 கிராமுக்குக் குறைவா? 10 முதல் 19ஆம் நாள்வரை ஏறிய நிறை 120 கிராமுக்குக் குறைவா? 20 முதல் 29 வரை 180 கிராமுக்குக் குறைவா? 30 முதல் 39 வரை 170 கிராமுக்குக் குறைவா? தலையில் நீர்கோப்பு இருக்கிறதா? ஒன்றுக்கு 'ஓம்' என்றாலும் கண் பார்க்க வேண்டும்.

ஓர் உதாரணம். 29 கிழமை 3 நாளில் 1240 கிராமுடன் பிறந்த பிள்ளை. முதல் இரண்டு கேள்விக்கும் 'இல்லை'. 10ஆம் நாள் 1190 கிராம், 19ஆம் நாள் 1275 கிராம். ஏறியது 85 கிராம். மூன்றாவது கேள்வியில் மாட்டிக்கொண்டது. இந்தப் பிள்ளைக்குக் கண் பார்ப்பதோடு, ஏன் நிறை ஏறவில்லை என்றும் அன்றைக்கே தேட வேண்டும்: பால் அளவு போதுமா, தொற்று ஒளிந்திருக்கிறதா, குளிர்ந்து போகிறதா. கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிராம்வரை ஏற வேண்டும் என்பது பொது அளவு.

இன்னொரு பிள்ளை. 33 கிழமை, 1720 கிராம், நிறை அழகாக ஏறுகிறது, ஆறு கேள்விக்கும் 'இல்லை'. ஆனால் முதல் ஐந்து நாளும் ஒட்சிசன், அதோடு ஒரு குருதித் தொற்று. ஜீ-ரோப் கணக்கு இந்தப் பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் இத்தகைய பிள்ளைகளை வைத்து அது செய்யப்படவேயில்லை. வின்ரோப் முறையை மெக்சிக்கோ போன்ற நாடுகளில் பரிசோதித்தபோது, அதன் கண்ணில் படாமல் தப்பிப்போனவர்களில் பெரிய பிள்ளைகளே அதிகம். எங்கள் நிலைப்பாடு இதில் இறுக்கமானது: இந்தக் கணிப்பு முறைகளைப் பிள்ளையைப் பட்டியலில் சேர்ப்பதற்கும், சேர்ந்தவர்களில் யாரை முந்திப் பார்ப்பது என்று தீர்மானிப்பதற்கும் பாவியுங்கள். பட்டியலில் இருக்கும் பெயரை வெட்டுவதற்குப் பாவிக்க வேண்டாம்.

நிறை பிழைத்தால் கணக்கும் பிழைக்கும். ஒவ்வொரு நாளும் ஒரே தராசில், ஒரே நேரத்தில், பாலுக்கு முன்னம், உடுப்பும் பம்பர்சும் இல்லாமல் நிறுக்க வேண்டும். கையில் கட்டிய மட்டை, சேலைன் குழாய், தொப்பி எல்லாம் கிராமாக ஏறும். ஒரேயளவு மட்டையைத் தனியே நிறுத்து அந்த அளவைத் தராசில் ஒட்டிவைத்தால் கழிப்பது சுகம். ஒரே நாளில் 70, 80 கிராம் பாய்ந்தால் சந்தோசப்பட முதல் கால் வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நீர் ஏறிய நிறையும், தலையில் நீர் கோத்து ஏறிய நிறையும் வளர்ச்சியில் சேராது. ஜீ-ரோப் கேள்விகளில் நீர்கோப்பு தனியாக நிற்பதற்குக் காரணம் அதுதான்.

ஒட்சிசன்

1942இல் பொஸ்ரனில் முதன்முதலாக விபரிக்கப்பட்ட இந்த நோய்க்கு ஒட்சிசன்தான் காரணமாக இருக்கலாம் என்று 1951இல் மெல்பேர்ணில் கேற் கம்பெல் எழுதினார். அதைக் கேட்டு எல்லோரும் ஒட்சிசனைக் கண்டபடி குறைத்தபோது, கண் தப்பியது, உயிர் போனது. 2010ஐ ஒட்டிய பெரிய ஆய்வுகளிலும் அதே பாடம்: குருதியின் ஒட்சிசன் செறிவை 85 முதல் 89 சதவீதத்தில் வைத்த பிள்ளைகளுக்குக் கண் நோய் குறைவு, இறப்பு கூட. எனவே ஒட்சிசன் வாங்கும் குறைமாதப் பிள்ளைக்கு 90 முதல் 95 சதவீதத்துக்குள் வைப்பதுதான் இன்றைய வழக்கம். மொனிற்றர் அலாரத்தைக் கீழே 89இலும் மேலே 95 அல்லது 96இலும் வையுங்கள். ஒட்சிசன் வாங்காமல் அறைக்காற்றில் மூச்சு விடும் பிள்ளை 99 காட்டினால் பயமில்லை. மேல் அலாரம் ஒட்சிசன் வாங்குபவருக்கு மட்டும்.

பிழை நடக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். மூச்சு நின்று பிள்ளை நீலமாகும், ஒட்சிசனைக் கூட்டுவார்கள், பிள்ளை தேறும், கூட்டியதை இறக்க மறந்துவிடுவார்கள். இரவு இரண்டு மணிக்கு இரண்டு தாதியர் பத்துப் பிள்ளையைப் பார்க்கும்போது இது நடப்பதில் ஆச்சரியமில்லை. கூட்டியவர் கூட்டிய நேரத்தை எழுதி, 97 கண்டதும் படிப்படியாக இறக்குவதும் அவரே செய்ய வேண்டும் என்று வைத்துக்கொண்டால் மறதி குறையும். மேல் அலாரத்தைச் சத்தம் தாங்காமல் நூறில் வைப்பது அலாரத்தைக் கழற்றிவிடுவதற்குச் சமம்.

ஒட்சிசனையும் காற்றையும் அளந்து கலக்கும் பிளெண்டர் இல்லாத இடத்தில் இரண்டு குழாயையும் சேர்த்துக் கலக்கலாம். நிமிடத்துக்கு 2 லீற்றர் ஒட்சிசனும் 6 லீற்றர் காற்றும் விட்டால், 2ஐயும் 6இன் 21 சதவீதமான 1.26ஐயும் கூட்டி 8ஆல் பிரிக்க வேண்டும். ஏறத்தாழ 41 சதவீதம் வரும். இந்தக் கணக்கைச் சிறிய அட்டவணையாக்கிச் சுவரில் ஒட்டினால் நள்ளிரவில் ஒருவரும் கணக்குப் போடத் தேவையில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒட்சிசன் வாங்கிய மொத்த நாட்களை, வீட்டுக்கு விடும்போது கொடுக்கும் 'டயக்னோசிஸ் காட்' என்ற அட்டையில் எழுத மறக்க வேண்டாம்.

நாள் குறித்தல்

பொது விதி: பிறந்து 4 கிழமை, அல்லது கருவயது 31 கிழமை, இரண்டில் பிந்தி வருவது. ஆனால் 28 கிழமைக்கு முன் பிறந்தவர்களையும் 1200 கிராமுக்குக் குறைந்தவர்களையும் 2 முதல் 3 கிழமைக்குள் பார்ப்பது இந்திய வழக்கம். மிக வேகமாகப் பாயும் வகை நோய் இந்தப் பக்கத்தில் காணப்படுவதால் நாங்களும் அதையே சொல்வோம். மற்ற எவருக்கும் 30ஆம் நாள் கடக்கக் கூடாது.

இப்போது நாட்காட்டியை எடுங்கள். 2025 ஜனவரி 7, செவ்வாய்க்கிழமை, 29 கிழமை 3 நாளில் பிறந்த பிள்ளை. 4 கிழமை முடிவது பெப்ரவரி 4, அன்றைக்குக் கருவயது 33 கிழமை 3 நாள். பெப்ரவரி 4 சுதந்திர தினம், கிளினிக் இல்லை. விடுமுறையோ போயாவோ வந்தால் முந்திய வேலை நாளுக்கு நகர்த்த வேண்டும், அதாவது பெப்ரவரி 3, திங்கள். 'அடுத்த கிழமை வாங்கோ' என்பது இங்கே செல்லாது.

எங்கள் யாழ்ப்பாணத்துக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. பிறந்து 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை தாயும் பிள்ளையும் வீட்டைவிட்டு வெளிக்கிடக் கூடாது என்று பல வீடுகளில் அம்மம்மாமார் பிடிவாதமாக நிற்பார்கள். இந்தப் பிள்ளைக்கு 31ஆம் நாள் பெப்ரவரி 6. கண் பார்க்கும் நாள் அதற்குச் சற்று முன்னம் வந்து விழுகிறது. திகதி எழுதிய துண்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு இருந்தால் நாள் தவறும். வீட்டுக்கு விடும் அன்று தாயோடு அம்மம்மாவையும் இருத்தி, 'துடக்குக் கழிவு அடுத்த கிழமையும் செய்யலாம் அம்மா, கண் அடுத்த கிழமைக்குப் பொறுக்காது' என்று சொல்லுங்கள். பெரும்பாலும் விளங்கிக்கொள்வார்கள், ஏனென்றால் கோபம் துடக்கில் இல்லை, தங்களைக் கேட்கவில்லை என்பதில்தான்.

நெடுந்தீவுக் குடும்பம் என்றால் குறிகாட்டுவானுக்குப் படகு, பிறகு பஸ். கடல் கொந்தளிக்கும் நாளில் படகு இல்லை. அப்படிப்பட்ட பிள்ளையை முதல் பரிசோதனை முடியும்வரை விடுதியிலேயே வைத்திருப்பது, அல்லது குடும்பத்தை யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கச் சொல்வது நல்லது. எல்லோருக்கும்: திகதி, நேரம், இடம் மூன்றும் டயக்னோசிஸ் காட்டிலும், பிள்ளையின் கிளினிக் கொப்பியிலும், விடுதியின் ஆர்.ஓ.பி. பதிவேட்டிலும் இருக்க வேண்டும். இரண்டு தொலைபேசி இலக்கம் வாங்குங்கள், ஒன்று தகப்பனுடையதாக இருக்கட்டும். அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கும் அறிவியுங்கள். வராத பிள்ளையை அன்று பின்னேரமே தேட வேண்டும்.

கண் பார்க்கும் அன்று

பரிசோதனைக்கு ஒரு மணித்தியாலம் முன்னம் பாலை நிறுத்துங்கள், சத்தி எடுத்துப் புரைக்கேறாமல் இருக்க. கருமணியை விரிக்க 0.5 சதவீத ட்ரொபிக்கமைட்டும் 2.5 சதவீத பெனைலெப்ரினும், 10 முதல் 15 நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு சொட்டு. பெரியவர்களுக்கான 0.8க்கு 5 என்ற கலவை மட்டும் கிடைத்தால், கண்ணீர் மருந்துடன் சமபங்கு சேர்த்து ஐதாக்கியே பாவிக்க வேண்டும். கன்னத்தில் வழிவதை உடனே துடையுங்கள். தோலாலும் மூக்காலும் உறிஞ்சப்பட்டால் குருதியமுக்கம் ஏறும், வயிறு ஊதும், மூச்சு நிற்கலாம். 10 சதவீத பெனைலெப்ரினைக் குறைமாதப் பிள்ளைக்குக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். மூன்று முறை விட்டும் கருமணி விரியவில்லை என்றால் நான்காவது, ஐந்தாவது என்று ஊற்ற வேண்டாம். விரியாத கருமணி கடும் நோயின் அறிகுறியாகவே இருக்கலாம். அதை வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

பிள்ளையைத் துணியால் சுற்றி, மரக்கச் செய்யும் சொட்டு விட்டு, நாக்கில் சீனிக்கரைசலோ தாய்ப்பாலோ தொட்டு வைத்தால் அழுகை குறையும். பல்ஸ் ஒக்சிமீற்றர் மாட்டியிருக்க வேண்டும். அழுத்தி மூச்சுக் கொடுக்கும் 'அம்பு' பையும் முகமூடியும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கண்ணை விரித்துப் பிடிக்கும்போது இதயத்துடிப்பு விழுவது வழமை, கையை எடுத்தால் பெரும்பாலும் திரும்பும். அடுத்த ஒரு நாளுக்கு மூச்சைக் கவனியுங்கள்.

முடிவை வாசித்தல்

வைத்தியர் மூன்று விடயம் எழுதுவார்: வலயம், படிநிலை, பிளஸ். குழாய்கள் எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்பதே வலயம்: முதலாவது மிக உள்ளே, ஆபத்து கூட; மூன்றாவது வெளி விளிம்பு. படிநிலை நோயின் கடுமையைச் சொல்லும், 1இலிருந்து 5வரை. பிளஸ் என்றால் பின்பக்கக் குழாய்கள் தடித்து முறுகியிருக்கின்றன என்று பொருள். முதலாம் வலயத்தில் பிளஸ் உடன் எந்தப் படிநிலையும், பிளஸ் இல்லாமல் மூன்றாம் படிநிலையும், இரண்டாம் வலயத்தில் பிளஸ் உடன் இரண்டாம் அல்லது மூன்றாம் படிநிலையும் உடன் சிகிச்சைக்கு உரியவை. 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் லேசரோ கண்ணுக்குள் ஊசியோ நடந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். சிகிச்சையை எங்கே செய்வது, வழியில் யார் கூடப் போவது, இன்கியுபேற்றர் உள்ள அம்புலன்ஸ் எது என்பதை அந்த நாளில் இருந்து தேட வெளிக்கிட்டால் 72 மணித்தியாலம் தொலைபேசியிலேயே முடிந்துவிடும். முதல் பரிசோதனைக்கு முன்னமே அந்தத் தாளை எழுதி வையுங்கள்.

அவ்வளவுக்குப் போகாவிட்டால், முதலாம் வலயத்தில் குழாய்கள் நின்றிருந்தால் ஒரு கிழமைக்குள் திரும்பப் பார்க்க வேண்டும். இரண்டாம் வலயத்தில் இரண்டாம் படிநிலை என்றால் 1 முதல் 2 கிழமை, முதலாம் படிநிலை என்றால் 2 கிழமை, மூன்றாம் வலயம் என்றால் 2 முதல் 3 கிழமை. 'இன்றைக்கு நோய் இல்லை' என்பதை 'இனி வராது' என்று தாய் எடுத்துக்கொள்வது வெகு இயல்பு. குழாய்கள் முழுதாக வளர்ந்தன என்று வைத்தியர் எழுதும்வரை வரவு தொடர வேண்டும். ஊசி போட்ட பிள்ளைக்கு நோய் மாதக்கணக்கில் பிந்தியும் திரும்பி வரும் என்பதால் கருவயது 65 கிழமையாவது வரை பார்க்கிறார்கள். நோய் வந்து தானே மாறிய பிள்ளைக்கும், நோயே வராத குறைமாதப் பிள்ளைக்கும் கிட்டப்பார்வை, மாறுகண், சோம்பல் கண் மற்றவர்களைவிடக் கூட வரும். ஒரு வயதில் ஒருமுறையும் பள்ளிக்கூடம் சேர்க்க முன்னம் ஒருமுறையும் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள், பழைய டயக்னோசிஸ் காட்டோடு.